வாசிப்புக்கு முந்தைய நிலை

ரேடியோவுக்கு வாசிக்கத் தெரியாது என்ற விஷயம் அவள் நான்காம் வகுப்புக்கு வந்த பிறகுதான் வெளியே வந்தது. அதுவரை வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளை அவள்தான். எழுந்து நின்று, புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டு, ஒரு பாடத்தை முழுதாக வாசித்துவிட்டுத்தான் உட்காருவாள். அன்றைக்கும் ஆமையைப் பற்றிய பாடத்தைப் பிசிறில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நடந்துபோன வகுப்பு டீச்சர் தற்செயலாக எட்டிப் பார்த்தபோது அவள் கையில் விரிந்திருந்தது வகுத்தல் கணக்கு.

ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அவளுக்குள் அப்படியே பதிந்துவிடும். அதனால்தான் வீட்டில் அந்தப் பட்டப்பெயர். அவள் அப்பா சோபாவுக்கும் நாற்காலிக்கும் பஞ்சு அடைத்து உறை தைக்கிறவர். மெத்தைக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அம்மா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே தயங்காமல் வாசிக்கிற பெண். தன் வயிற்றில் பிறந்தது ஒற்றை எழுத்தையும் வாசிக்காது என்று கேட்டதும், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தையை எழுதி மகள் முன்னால் நீட்டினாள். எழுதியது ‘கொடி’. ரேடியோ கொஞ்ச நேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “கரடி” என்றாள்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார்.

“பாருங்க, வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறதுதான் எங்க வேலை. தெரியாத பிள்ளைக்கு நடத்தப் போனா எங்க தேர்ச்சி விகிதம் என்னாகும்? அதுக்குன்னே பெரிய நடுவம் இருக்கு. பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க. அங்க கொண்டுபோய்ச் சேருங்க.”

வாசிப்பு விழிப்பு நடுவம் மெத்தைக்காரருக்குப் புதிய இடமில்லை. போன வருடம் அங்கே இருந்த நாற்காலிகளுக்கெல்லாம் உறை மாற்றிக் கொடுத்தது அவர்தான். பெற்றோர் உட்காருகிற நாற்காலிக்கு மெல்லிய பஞ்சு போதும் என்று சொல்லியிருந்தார்கள். இயக்குநரின் நாற்காலிக்கு மட்டும் இரண்டு அடுக்கு வைத்து, மேலே இன்னொரு அடுக்கும் வைக்கச் சொன்னார்கள். அப்போதே அவருக்கு அந்த இடத்தின் மேல் ஒரு மரியாதை வந்திருந்தது. இவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்று நினைத்தார்.

முதல் நாள் புதிய பெற்றோர்களையெல்லாம் ஒரு ஹாலில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் மேடையேறினார். கோட்டு, வெள்ளைத் தாடி, யாரையும் பார்க்காமல் எல்லோரையும் பார்க்கிற பார்வை.

“இங்க வர்ற ஒவ்வொரு அப்பா அம்மாவும் கேக்கிறது ஒரே கேள்விதான். ‘என் பிள்ளை எப்ப வாசிக்கும்?’ அது பழைய கேள்வி. நாங்க கேக்கிறது வேற. ‘வாசிக்காம இருக்கிறதுன்னா என்ன?’ பல வருஷமா நாங்க அந்தக் கேள்வியோடயே வாழ்ந்துட்டு இருக்கோம். ஒரு விஷயத்தை நான் பெருமையாச் சொல்லிக்கணும். இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளையைக்கூட நாங்க அவசரப்படுத்தினதில்ல.”

எல்லோரும் கை தட்டினார்கள். மெத்தைக்காரரும் தட்டினார். மனைவி மட்டும் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

சேர்ப்பதற்கு முன் பிள்ளைக்கு உண்மையிலேயே வாசிக்க வராதா என்று சோதித்து நிரூபிக்க வேண்டும். ரேடியோவைத் தனியறையில் உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். தாளின் தலையில், ‘கீழே உள்ள குறிப்புகளை நீயே வாசித்து அதன்படி செய்யவும்’ என்று அச்சடித்திருந்தது. அவள் தாளைப் பார்த்தாள். சோதனை அலுவலர் அவளைப் பார்த்தார். இப்படியே மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன செய்யணும்னு நீங்க வாயால சொல்லியிருக்கலாமே சார்?” என்று மெத்தைக்காரர் கேட்டார்.

“நாங்க உதவக் கூடாதுங்க. உதவினா முடிவு கெட்டுப்போயிடும்” என்றார் அலுவலர். முடிவில் ‘ஒத்துழைப்பின்மை’ என்று எழுதினார்.

மறுபடி ஒரு நாள் வரச் சொன்னார்கள். அன்றைக்குப் பக்கத்து அறையில் வேறொரு பையன் கேள்விகளையும் பதில்களையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் இருந்தது அட்டைத் தடுப்பு. ரேடியோ அவ்வளவையும் வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டாள். இந்த முறை ‘மேதைமை ஐயம்’ என்று முடிவு வந்தது. முதல் முடிவை எழுதியவரும் இரண்டாவது முடிவை எழுதியவரும் சில வாரங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். கடைசியில் இயக்குநர் தலையிட்டு, ‘மேதைமையுடன் கூடிய ஒத்துழைப்பின்மை’ என்று சமாதானம் செய்துவைத்தார். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதலில் கண் பிரிவு. அதன் தலைவி கழுத்தில் மூன்று கண்ணாடிகள் தொங்கின.

“எழுத்தெல்லாம் நடனமாடுதாம்மா?”

“இல்லியே. சும்மாதான் நிக்குது” என்றாள் ரேடியோ.

“மிதக்குதா? ஓடுதா?”

“இல்ல மேடம். எது எதுக்கு என்ன சத்தம்னுதான் எனக்குத் தெரியல. அதை யாராவது சொன்னாத் தேவலை.”

தலைவி பரிவோடு தலையசைத்து, ‘அறிகுறிகளை மறைக்கிறாள்’ என்று குறித்துக்கொண்டு, ஊதா நிறக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும். ரேடியோ சோற்றைப் பார்த்து ஊதா என்றாள், பாலைப் பார்த்து ஊதா என்றாள், அம்மாவைப் பார்த்து, “உனக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள். எழுத்துகளும் ஊதாவாகிவிட்டன. வேறொன்றும் ஆகவில்லை.

அடுத்தது காதுப் பிரிவு. அங்கே இடது காதில் மட்டும் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து ரேடியோ அந்தச் சத்தத்தை அச்சு அசலாக வாயால் எழுப்பிக் காட்டினாள். மெத்தைக்காரர் எழுந்துபோய்க் குழாயை மூடிப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்கடுத்தது பலகைப் பிரிவு. தரைக்குச் சற்று மேலே நீளமான ஒரு மரப்பலகை. தலையில் மணல் பையை வைத்துக்கொண்டு, கையை விரித்து, அதன் மேல் நடக்க வேண்டும். நடந்தால் மூளையின் வலப்பக்கமும் இடப்பக்கமும் கைகுலுக்கிக்கொள்ளும் என்றார் பிரிவுத் தலைவர். ரேடியோவுக்கு இது பிடித்துப்போயிற்று. முன்னால் நடந்தாள், பின்னால் நடந்தாள், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். சான்றிதழ்கள் வரத் தொடங்கின. வீட்டுச் சுவரில் ஒட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டால் அப்பா வாசித்துச் சொல்வார்.

“சர்க்கஸ்ல சேத்திருந்தா இந்நேரம் சம்பளமாவது வந்திருக்கும்” என்றாள் மனைவி.

“சும்மா இரு. பெரிய இடம். அவங்களுக்குத் தெரியாததா?”

“தெரிஞ்சதை எப்பங்க சொல்லித் தருவாங்க?”

பதிலாக மெத்தைக்காரருக்குக் கிடைத்தது தவழ்தல் பிரிவின் அழைப்புதான். அங்கே இருந்தவர் ஒல்லியாக, சோகமாக இருந்தார்.

“உங்க பொண்ணு குழந்தையில தவழ்ந்தாளா?”

“எங்க சார் தவழ்ந்தா? நேரா எந்திரிச்சு நடந்துட்டா” என்று மெத்தைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

அந்த மனிதர் பேனாவை மூடி வைத்தார். வீட்டில் ஏதோ இழவு விழுந்தது போல முகம் மாறிவிட்டது. “அப்ப நீங்க தவழ்ந்தீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். மெத்தைக்காரருக்கு ஞாபகம் இல்லை. குறை குடும்பத்தின் வேரிலேயே இருக்கிறது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து தவழ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடுவத்தின் நீண்ட நடைவழியில் பெற்றோர்கள் வரிசையாகத் தவழ்ந்தார்கள். முன்னால் ஒரு வக்கீல், டையை வாயில் கவ்விக்கொண்டு போனார். பின்னால் வங்கியில் அதிகாரியாக இருக்கிற ஒரு அம்மாள், யாரும் படம் எடுத்துவிடக் கூடாதே என்று முகத்தைத் தரையோடு வைத்துக்கொண்டு வந்தார். மெத்தைக்காரர் போகிற வழியில் தான் தைத்த நாற்காலிகளை முதல் தடவையாக அடிப்பக்கத்திலிருந்து பார்த்தார். ஒன்றில் உறை தளர்ந்திருந்தது. தவழ்ந்தபடியே இழுத்துச் செருகிவிட்டுப் போனார். அவர் மனைவி மட்டும் சுவரோரம் நின்றாள்.

“நாள் பூரா நின்னு வேலை பாக்கிறவ நான். முட்டி தேயுற வேலைக்கு வேற ஆளைப் பாருங்க.”

கோப்பில் ‘தாய் ஒரு தடை’ என்று சேர்ந்தது.

நடைவழியின் கடைசியில் இயக்குநர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தைக்காரர் அவர் காலடிவரை வந்ததும் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவருக்கே எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க எழுத்து எப்ப சொல்லித் தருவீங்க?”

தவழ்ந்துகொண்டிருந்தவர்கள் அப்படி அப்படியே நின்றுவிட்டார்கள். கோயிலில் கெட்ட வார்த்தை பேசியவரைப் பார்ப்பதுபோல இயக்குநர் அவரைப் பார்த்தார். பிறகு தோளில் கை போட்டு ஒரு மூடிய கதவுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“அது கடைசிப் படி. எழுத்துப் பிரிவு. இந்த அறைதான். ஆனா இதுவரை ஒரு பிள்ளையும் இந்தப் படிக்கு வரல. வர்றதுக்குள்ள வளர்ந்துடுறாங்க. வயசு வரம்பைத் தாண்டிட்டா நாங்க என்ன பண்ண முடியும்? அதனால பிரிவை இன்னும் தொடங்கல. நாற்காலி மட்டும் போட்டு வச்சிருக்கோம். நீங்க தச்சதுதான். ரொம்ப நல்லா இருக்கு.”

அந்தப் பிரிவுக்கென்று ஒரு டீச்சரை ஏற்கெனவே நியமித்திருந்தார்கள். எழுத்து தடுமாறுகிற பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று முறையாகப் படித்துவிட்டு வந்தவர். பிரிவு தொடங்கும்வரை சும்மா உட்கார வைக்கக் கூடாதல்லவா? பலகை ஆடாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிற வேலை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அவரைப் பலகை டீச்சர் என்றார்கள். சிடுசிடுப்பான பெண். எப்போதும் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் மகளைக் கூட்டிப்போகச் சீக்கிரமே வந்த மெத்தைக்காரர் பலகை அறையின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். யாரும் நடக்கவில்லை. மணல் பை மூலையில் கிடந்தது. ரேடியோவும் டீச்சரும் பலகை மேல் எதிரெதிராகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், பலகையிலேயே, சாக்கட்டியால் ‘கொடி’ என்று எழுதியிருந்தது.

“இது ர தான?” என்று ரேடியோ கேட்டாள்.

“இல்ல. பாக்க ர மாதிரி இருக்கும். இது கால். தனியா இதுக்குச் சத்தம் கிடையாது. முன்னால நிக்குதே கொம்பு, அதோட சேத்துப் பாரு.”

“கொம்பு ஏன் முன்னால நிக்குது? சத்தம் க்-தான முதல்ல வருது?”

“ஆமா.”

“அப்ப முன்னால நிக்கிறதைத்தான முதல்ல கூப்பிடணும்? வரிசைன்னா அதானே?”

டீச்சர் கடலை கொறிப்பதை நிறுத்தினார். “நியாயம்தான். ஆனா எழுத்து அப்படி. நடுவுல இருக்கிற ஆள்தான் முதல்ல. க்-ஐச் சொல்லு. இப்ப ரெண்டு பக்கமும் கையைப் பிடிச்சிருக்காங்க பாரு, அதுக்கு என்ன சத்தம்? நேத்து சொன்னேன்.”

“ஒ.”

“சேத்துச் சொல்லு.”

“க்… ஒ… கொ.” ரேடியோ ஊதாக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். “கொ… டி. கொடி. அட, இது கரடியே இல்ல.”

மெத்தைக்காரர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பஞ்சு மெல்லியதுதான், உறுத்தியது, ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வெளியே வந்த டீச்சர் அவரைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்புறம் இன்னொண்ணு. இது மந்திரம் இல்ல. ரெண்டு மூணு எழுத்தா, திரும்பத் திரும்ப, தினமும் செய்யணும். உங்க பொண்ணுக்கு மத்தவங்களைவிட ரொம்ப அதிகமாச் செய்யணும். போரடிக்கும். அவளுக்கும் போரடிக்கும், எனக்கும் போரடிக்கும். மறந்துட்டு வருவா, மறுபடி ஆரம்பிக்கணும்.”

“எவ்வளவு நாள் ஆகும் மேடம்?”

“தெரியாது. ஆனா வரும்.”

அந்தக் கட்டடத்துக்குள் ஒருவர் ‘தெரியாது’ என்று சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏனோ அவருக்கு நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு ரேடியோவின் பலகை நடையில் தடுமாற்றம் தெரிந்தது. பயிற்சி நேரம் முழுக்கப் பலகை மேல் உட்கார்ந்தே போய்விடுகிறது, எங்கிருந்து நடக்க? பிரிவுத் தலைவர் கவலைப்பட்டார். மூளையின் இரு பக்கமும் மனஸ்தாபத்தில் இருப்பதாகக் குறிப்பு எழுதினார். உண்மை வெளிப்பட்டது ரேடியோவால்தான். ஒரு மத்தியானம் இயக்குநரின் அறை வாசலில் காத்திருந்தவள், கதவில் இருந்த பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நடைவழி முழுக்க எதிரொலிக்கிற குரலில், “அ… மை… தி. அமைதி” என்று கத்தினாள்.

கதவு திறந்தது.

“யார் வாசிச்சது?”

“நான்தான் சார்.”

“கண்ணாடி எங்க?”

“பையில இருக்கு சார். அதைப் போட்டா எழுத்து சரியாத் தெரியல.”

ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்த வாரமே கூடியது. நான்கு பிரிவுத் தலைவர்களும் ஒரு பக்கம். நடுவில் இயக்குநர். எதிரே பலகை டீச்சர், கடலை இல்லாமல். சாட்சி சொல்ல மெத்தைக்காரரை வரவழைத்திருந்தார்கள்.

“உங்க பொண்ணு இந்த வளாகத்துக்குள்ள வாசிச்சதை நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“எத்தனை வார்த்தை?”

“எண்ணலைங்க. சந்தோஷத்துல விட்டுட்டேன்.”

“கண்ணாடி போட்டிருந்தாளா?” என்று கண் பிரிவுத் தலைவி கேட்டார். இல்லை என்றார். “அப்ப அதை வாசிப்புன்னு சொல்ல முடியாது. வெறும் உச்சரிப்பு” என்று அவர் மற்றவர்களிடம் திரும்பினார். தவழ்தல் பிரிவுக்காரர் உடனே, குடும்பம் தவழ்ந்த மறு வாரமே இது நடந்திருப்பதைக் குழு கவனிக்க வேண்டும் என்றார். காதுப் பிரிவு, சொட்டுச் சத்தம் இல்லாமல் இது சாத்தியமே இல்லை என்றது. பலகைப் பிரிவு, சம்பவம் நடந்தது யாருடைய பலகையில் என்று கேட்டது. கொஞ்ச நேரம் யார் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை.

இயக்குநர் மேசையைத் தட்டினார். டீச்சரைப் பார்த்து, தழுதழுத்த குரலில் பேசினார்.

“ஒரு பிள்ளை வாசிச்சா எங்களுக்குச் சந்தோஷம் இருக்காதாம்மா? நாங்க என்ன கல்லா? ஆனா எந்தப் பிரிவால வாசிச்சான்னு தெரியணும்ல? இப்ப பாருங்க, நாலு பேரும் நாலு பக்கம் இழுக்கிறாங்க. ஒத்துமையா இருந்த இடம். நீங்க எழுத்தைச் சொல்லிக் கொடுத்து, பிள்ளை எழுத்தை வாசிச்சுட்டா, அப்ப மத்ததெல்லாம் எதுக்குன்னு வெளியில ஒருத்தன் கேக்க மாட்டானா? அதை யோசிச்சீங்களா?”

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் தலையைத் தூக்கி, “சார், இந்தக் கடைசி வரியையும் எழுதிக்கணுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றார் இயக்குநர்.

டீச்சரை வேலையிலிருந்து நீக்கினார்கள். எழுத்து கற்பித்ததாகக் குற்றம் சாட்டினால் வெளியே நன்றாக இருக்காது என்பதால், நடைப் பலகையைக் கரும்பலகையாகப் பயன்படுத்தி நிறுவனத்தின் உடைமைக்கு ஊறு விளைவித்ததாக எழுதினார்கள். வெளியே வந்த டீச்சர் பையிலிருந்து கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“சைக்கிள் கடைக்கு மேல்மாடியில இருக்கேன். நாளைக்கு சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. லேட்டா வந்தா எனக்குப் பிடிக்காது.”

மறுநாளிலிருந்து ரேடியோ அங்கே போனாள். அறைக்குள் டயர் நாற்றம். நாற்காலி கிடையாது. இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். எழுத்துகளைச் சேர்க்கச்சொல்லி, பிரிக்கச்சொல்லி, எழுதச்சொல்லி, அழித்து மறுபடி எழுதச்சொல்லி, டீச்சர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு நாளும் விடாமல் நடத்தினார். சில நாள் ரேடியோ அழுதுகொண்டே வந்தாள். நேற்று வந்த எழுத்து இன்று வரவில்லை என்று புத்தகத்தை எறிந்தாள். டீச்சர் அதை எடுத்துக்கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொள்ளும்வரை காத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் நடுவத்திலிருந்து ஆள் வந்தது. ஆண்டு விழாவில் ரேடியோ மேடையேறி வாசிக்க வேண்டுமாம். நான்கு பிரிவுகளும் கலந்து பேசி, அவளை எல்லோருக்கும் பொதுவான வெற்றி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். வந்தவர் உரையைத் தாளில் ஒன்றும், ஒலிப்பதிவாக ஒன்றும் கொடுத்தார்.

“ஒலிப்பதிவு எதுக்குங்க? அதான் தாள் இருக்கே?” என்று மனைவி கேட்டாள்.

“பாப்பா ஒரு தடவை கேட்டாலே ஒப்பிச்சிடுவான்னு கோப்புல இருக்குங்க. எதுக்கும் இருக்கட்டும்னு இயக்குநர் கொடுக்கச் சொன்னார்.”

போக வேண்டாம் என்றுதான் மெத்தைக்காரர் சொன்னார். ரேடியோவுக்கு மேடை என்றால் உயிர். மனைவியும், “போகட்டுங்க, அங்க இருக்கிற மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மா பாக்கட்டும்” என்றாள்.

விழா ஹால் நிரம்பியிருந்தது. நடுவத்துக்கு நன்கொடை தருகிற பெரிய மனிதர்கள் முன் வரிசையில் இருந்தார்கள். பின்னால் பெரிய படத்தில் ரேடியோ ஊதாக் கண்ணாடியோடு பலகை மேல் கை விரித்து நின்றாள். இயக்குநர் அவளை அறிமுகப்படுத்தும்போது, எழுத்தின் நிழலைக்கூடக் காட்டாமல் ஒரு பிள்ளையை வாசிக்க வைத்த உலகின் முதல் நிறுவனம் என்று சொன்னார். அதில் எழுத்தின் நிழலைக்கூடக் காட்டவில்லை என்ற பாதி மட்டும் முழு உண்மை.

ரேடியோ மைக் முன்னால் வந்தாள். போட்டுவிட்ட கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். தாளைப் பிரித்து, விரலை வைத்தாள்.

“ம… தி… மதிப்… பிற்… கு… ரி… ய.”

கூட்டம் நெகிழ்ந்து கை தட்டியது. அவர்கள் தட்டி முடிக்கும்வரை காத்திருந்து அவள் அடுத்த வார்த்தைக்குப் போனாள். அதற்கும் அவ்வளவு நேரம் ஆயிற்று. ‘நடுவத்தின்’ என்பதில் ண வா ன வா ந வா என்று நின்று யோசித்தாள். முன் வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவரிடம், “ஏதோ சரளமா வாசிப்பான்னு சொன்னாங்களே?” என்றார். இயக்குநர் சிரித்த முகம் மாறாமல் அவளை நெருங்கிக் குனிந்தார்.

“பாப்பா, மனப்பாடமாச் சொல்லிடும்மா.”

மைக் திறந்திருந்தது. கடைசி வரிசைவரை கேட்டது.

“மனப்பாடமா வேணும்னா கடைசியில சொல்றேன் சார்” என்றாள் ரேடியோ. “இப்ப வாசிச்சிட்டு இருக்கேன்.”

மைக் அணைந்தது. அதனால் அவளுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இயல்பாகவே குரல் பெரிது. விரல் நகர நகர வாசித்துக்கொண்டே போனாள். தப்பாக வாசித்தாள், தலையை ஆட்டிக்கொண்டாள், திரும்பப் போய்ச் சரியாக வாசித்தாள். தடித்த தோலில் ஊசியைக் குத்தி, மறுபக்கம் இழுத்து, மறுபடி குத்துகிற மாதிரி இருந்தது மெத்தைக்காரருக்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் விரல் தானாக அழுந்தியது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் போகலாம் என்று எழுந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்தாள்.

“உக்காருங்க. இன்னும் முடிக்கல அவ.”

உட்கார்ந்தார். சுவரோரம் நின்றிருந்த சில அப்பா அம்மாக்களும் நகரவில்லை. அதில் அந்த வக்கீலும் இருந்தார். விழா முடிந்து வெளியே வந்ததும் அவர் மெத்தைக்காரரைத் தனியாக அழைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் கேள்விப்பட்ட அந்தச் சைக்கிள் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டார்.

சில நாள் கழித்து நடுவத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மெத்தைக்காரர் கடையில் ஒரு பழைய சோபாவைப் பிரித்துப்போட்டு, கையெல்லாம் பஞ்சாக இருந்தார். டீச்சரிடம் பாடம் முடித்து வந்த ரேடியோ, “குடு, நான் பாக்கிறேன்” என்று உறையைப் பிரித்தாள். சோபாவின் கை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவள் வாசிக்க, அவர் பழைய ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார். முன்பு சரளமாகப் பேசிவந்த மாணவி, வெளியாரின் முறையற்ற எழுத்துப் பயிற்சியால், தற்போது திக்கித் திணறி வாசிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பது வருத்தத்துக்குரியது. இதைப் படித்து முடிக்கவே அவளுக்கு நாலைந்து ஆணி பிடுங்குகிற நேரம் ஆயிற்று.

“பி… பின்… ன… டை… வு. பின்னடைவு. அப்படின்னா என்னப்பா?”

“பின்னாடி போறது.”

“யாரு?”

“நீயாம்.”

ரேடியோ அதைப் பற்றி யோசித்த மாதிரி தெரியவில்லை. விரலை அடுத்த வரிக்குக் கொண்டுபோனாள். தவழ்தலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்குமாறு குழு பரிந்துரைத்திருந்தது. அதற்குக் கீழே இயக்குநரின் பெயர். பெயருக்குப் பின்னால் அவர் வாங்கிய பட்டங்கள், அதற்குப் பின்னால் வகிக்கிற பதவிகள். அவள் ஒன்றையும் விடவில்லை. உதட்டைக் குவித்து, எழுத்து எழுத்தாக, அந்தப் பட்டங்களையெல்லாம் ஏறிக் கடந்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். வெற்றுத் தாள்.

“முழுசாப் படிச்சிட்டேன்” என்று சோபாவின் கையிலிருந்து குதித்தாள். “இதுல ஒண்ணுமே இல்லப்பா.”